பச்சை உடம்புக்காரிக்கு இரண்டு மேஸ்திரிகள்

எங்கள் அண்ணி பர்மியப் பெண். யாங்கூன் தமிழ்க் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் நம் வழக்கம், ஆனால் அண்ணியின் தாய்வீடு ஐராவதி டெல்டாவில் படகு பிடித்துப் போகவேண்டிய கிராமம், நடுராத்திரியில் வலி எடுத்தால் என்ன செய்வது என்று அண்ணன் பயந்தான், அதனால் பேறுகாலம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகி, அண்ணியின் அம்மா மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கிவிட்டார். ஆக ஒரு பச்சை உடம்புக்காரிக்கு இரண்டு மேஸ்திரிகள்.

ஆஸ்பத்திரிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிரசவ அறைக்குள் யாரையும் விடவில்லை, நாங்கள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம், புதன்கிழமை மத்தியானம் ஆண்பிள்ளை, சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரகளையே.

சம்பந்தியம்மா மூட்டையைப் பிரித்தார். மஞ்சள்பொடி (கொஞ்சநஞ்சமில்லை, கல்யாண வீட்டுக்கு ஆகும் அளவு), முகர்ந்து பார்க்கத் துணியில் முடிந்த கருஞ்சீரகம், சுட்டுக் கொடுக்கக் கருவாடு, மிளகு. எங்கள் அம்மாவும் ஏற்கெனவே சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்துப் பனைவெல்லப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி மருந்து தயாராக வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் சரக்கை ஒருவர் பார்த்ததும் முகத்தில் ஒரு திருப்தி. பெற்றவள் உடம்பு குளிர்ந்துபோயிருக்கும், சூடேற்ற வேண்டும் என்பதில் இருவருக்கும் துளி கருத்து வேறுபாடு இல்லை. தலைக்குத் துணி கட்டு, காலுக்குச் சாக்ஸ் போடு, மின்விசிறியை நிறுத்து, பச்சைத் தண்ணீரைத் தொடாதே. சித்திரை வெயிலில். மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த அண்ணி மாரியம்மன் போல இருந்தார், கோபமும் அதே அளவு.

சண்டை தாளிப்பில் வந்தது. பர்மியர் வழக்கில் பெற்றவள் மூக்கில் எண்ணெய் பொரியும் வாசம் படவே கூடாது, பட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று பயப்படுவார்கள். நம் பத்தியச் சமையலோ பூண்டை நல்லெண்ணெயில் வதக்காமல் தொடங்கவே தொடங்காது. அம்மா வாணலியை அடுப்பில் வைத்ததும் சம்பந்தியம்மா அறைக்கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகி, பேத்தி பேரன் எடுத்த பெண் இப்படியா செய்வாள் என்று பர்மிய மொழியில் முணுமுணுத்தார். அம்மாவுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு என்பதை மறந்துவிட்டார் போல. எங்கள் வீடு நாலாவது மாடி, ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒரே கூடம், சமையலறைப் புகை வாசல்வரை வரும். இதில் கீழே மொஹிங்கா (மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கடையில் விடியற்காலையிலேயே சுரைக்காய் பஜ்ஜி போடுவார்கள், அதை யார் நிறுத்துவது? கடைசியில் கரியடுப்பைப் பின்பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்ததில் ஒருமாதிரி சமாதானம் ஆனது.

அந்த அடுப்பு அறைக்குள் வராமல் பார்த்துக்கொண்டதே பெரிய பாடு. கிராமத்தில் பெற்றவளை நெருப்பருகே உட்காரவைத்து வேர்க்கவைப்பார்கள், 45 நாள் காப்பு. ஓலைக் குடிசையில் காற்று போய்வரும், மூடிய மாடிவீட்டு அறையில் கரி எரித்தால் வருகிற விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். டாக்டரம்மா பர்மிய மொழியில் அழுத்திச் சொன்ன பிறகுதான் சூடாக்கிய செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதோடு சம்பந்தியம்மா நிறுத்திக்கொண்டார்.

வாசம், மஞ்சள், செங்கல் இதெல்லாம் வேடிக்கைதான். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது சாப்பாட்டில். புளிப்பு ஆகாது, காளான் ஆகாது, மூங்கில் குருத்து ஆகாது என்று அந்தப் பக்கம் ஒரு பட்டியல், பருப்பு வாயு, கிழங்கு வாயு, பழம் சீதளம் என்று இந்தப் பக்கம் ஒரு பட்டியல். இரண்டையும் மதித்தால் மிச்சம் வெள்ளைச் சோறும் சுட்ட கருவாடும். உளுந்தும் துவரையும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிற நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி பருப்பு கிடையாது! தீட்டிய அரிசியை மட்டும் நம்பியிருக்கும் தாயின் பாலில் வைட்டமின் பி1 சத்து குறைந்துவிடும், அந்தப் பாலைக் குடிக்கும் பிள்ளைக்குப் பெரிபெரி என்கிற நோய் வரும். பார்க்க நன்றாகவே இருக்கும் இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று குரல் கம்மி, சத்தமே வராமல் அழும், மூச்சு வாங்கும், இதயம் தளர்ந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடும். நேரத்தில் பி1 ஊசி போட்டால் அதே வேகத்தில் தேறிவிடும். இது மியன்மாரில் இன்னும் ஒழியாத நோய், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பி1 மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதும் பாக்கு போடுவதும்கூட அந்தச் சத்தைக் கெடுக்கும், இது தெரிந்ததும் அண்ணனே அண்ணியின் தேநீர்க் கோப்பையை எடுத்து வைத்துவிட்டான்.

எங்கள் ஆயா காலத்தில் பிள்ளை பிழைப்பதே அதிர்ஷ்டம். மருத்துவச்சி மூங்கில் பத்தையைச் சீவித் தொப்புள்கொடி அறுப்பாராம், அந்த வழியாகத் தொற்று ஏறிப் போன சிசுக்கள் எத்தனையோ. அதைச் சொல்லித்தான் அம்மாவை மடக்கினேன்: "மூங்கில் பத்தையை விட்டாச்சே, பருப்பு பத்தியத்தையும் விட்டால் என்னம்மா?" அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் ரசத்தில் பருப்புத்தண்ணீர் இருந்தது. சம்பந்தியம்மாவும் அவர் பங்குக்கு மிளகு ரசத்தை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, இது எங்கள் ஊர் மிளகு சூப்தானே என்றார். சரி, அப்படியே இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் அதிசயமாகச் சண்டையே இல்லை. பர்மியர் கிழமை பார்த்து எழுத்து எடுப்பார்கள், புதன் மத்தியானத்துக்குப் பிறகு பிறந்தால் ராகு கிழமை, ய அல்லது ர. பிள்ளையின் நட்சத்திரம் சித்திரை, அதற்கும் ர வரும். வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர், பதிவுக்கு ஒரு பர்மியப் பெயர், இரண்டும் ஒரே எழுத்தில். அண்ணி அதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு அம்மாக்களையும் பார்த்து, இப்போதாவது நான் தலைக்குக் குளிக்கலாமா என்றுதான் கேட்டார்.