மூன்றாவது கத்தியும் மூன்று மில்லிமீற்றர் கோணலும்

மூன்றாவது கத்தி முடிந்துவிட்டது. அதாவது, இனி இதில் கைவைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லி, பிடிக்கு எண்ணெய் பூசி அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இரும்பு வழக்கம்போல லொறி ஸ்பிரிங் பட்டைதான். தடிப்பு 7 மில்லிமீற்றர் இருந்தது. கன்னியாப் பக்கம் கம்மாலை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அதை அடித்து 4 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்து தந்தார். மீதி வேலை திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில். சாண்ட் பேப்பர்ப் பட்டை சுழல்கிற பெல்ட் சாண்டர் மெஷினைத் தலைகீழாக மேசையில் இறுக்கிவைத்து, கத்தியைக் கையில் பிடித்தே தேய்ப்பது என் முறை. வாயின் நடுக்கோட்டுக்கு மட்டும் ஒரு சின்ன வித்தை: 4 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டையும் கத்தியையும் சமமான கண்ணாடிமேல் படுக்கவைத்து, பிட்டின் முனையால் வாயோரம் கீறினால் கோடு சரியாக நடுவில் விழும். இரண்டு பக்கமும் அந்தக் கோட்டை நோக்கித் தேய்க்க வேண்டியதுதான்.

வலப்பக்கம் நன்றாக வந்தது. இடப்பக்கத்தில், பிடிக்குப் பக்கத்தில் சரிவு தொடங்குகிற கோடு மற்றப் பக்கத்தைவிட 3 மில்லிமீற்றர் முன்னால் போய்விட்டது. வலக்கைக்காரனுக்கு ஒரு பக்கம் எப்போதும் வாலாட்டும்.

இரண்டாவது கத்தியிலும் இதே கோணல் வந்தது. அப்போது விடவில்லை. இடதைச் சரிசெய்தேன், வலது பின்தங்கியது. வலதைத் தேய்த்தேன், இடது இன்னும் மேலே ஏறியது. பதம் வைத்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சரிவு முதுகுவரை ஏறி, கத்தி தகரம்போல ஆகி, வாயோரம் நீலமும் ஓடிவிட்டது. நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை சூடு கண்டுவிட்டது என்று அர்த்தம். 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், இரண்டு தரம் ஓவனில் வைத்து எடுத்த பதம் அந்த இடத்தில் போச்சு. கோடுகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பூசணிக்காயை வெட்டப் போனால் கத்தி வளைகிறது.

அதனால் இந்த முறை 3 மில்லிமீற்றரை அப்படியே விட்டேன். கம்மாலையில், காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் கொஞ்சம் மேலே ஏற்றி, சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் முக்கினோம். அரத்தால் உரசிப் பார்த்தேன், பிடிக்காமல் வழுக்கியது. இரும்பு இறுகிவிட்டது, சரி.

சோம்பல் வந்தது அதற்குப் பிறகுதான். சொரசொரப்பான 60 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரிலிருந்து நேரே நைசான 240க்குத் தாவினேன். இரவு டியூப் லைட்டில் பளபளவென்று இருந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது அடியில் 60இன் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தன. பார்வைக்குத்தானே என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மா இரண்டு நாள் பாரை மீன் வெட்டி, கழுவி, கடற்காற்று வருகிற ஜன்னலோரத்தில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கத்தியில் கொப்பி ஒற்றை மாதிரி செம்மஞ்சள் கோடுகள். துரு மேலெல்லாம் பரவவில்லை, கீறல்களுக்குள் மட்டும் பிடித்திருந்தது. உப்பும் ஈரமும் நிற்க அங்கேதான் இடம். நுனிப்பக்கம் மட்டும் ஒழுங்காக 400வரை தேய்த்திருந்தேன். அங்கே வெறும் சாம்பல் நிறம்தான்.

கோணல் கோட்டைக் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தும் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. “அதை விடு மகன். இந்தப் பிடியோரத்தில ரத்தம் போய் நிக்குது, எவ்வளவு கழுவினாலும் மணக்குது” என்றார். முதிரைப் பலகைக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி. நான் எழுதிவைத்திருந்த குறைப் பட்டியலில் அது இல்லவே இல்லை.

திரும்ப இரண்டு மாலை வேலை. அலுமினியப் பட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, 120, 240, 400. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினேன். பழைய கீறல் குறுக்கே தெரியும், அது மறையும்வரை அடுத்த நம்பருக்குப் போகக்கூடாது. பிடி இடைவெளியில் அரல்டைட் பசையுடன் முதிரைத் தூளைக் குழைத்து அடைத்தேன். பிறகு சூடான வினாகிரியால் துடைத்துக் கத்தியைச் சாம்பல் நிறமாக்கினேன். முதுகோரம் ஒரு கரும்புள்ளி மிச்சம், சூட்டில் செதிலாக உரிந்த இடம். அதை எடுக்க அரை மில்லிமீற்றர் இரும்பு போகவேண்டும். புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும்.

கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டு, “ஊர்ப் பேரிலேயே கோணம் இருக்கு, உன்ர கத்தி நேராவா வரும்?” என்றான். நாலாவதுக்கு இடப்பக்கத்தை முதலில் தேய்க்கப் போகிறேன். கோடு எங்கே போய் நிற்கிறதோ, அதற்குத் தோதாக வலதைக் கொண்டுவரலாம். அந்தப் பக்கம் கை சொன்னபடி கேட்கும்.