முதலில் இனிஷியலைப் பாருங்கள்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான சிறப்புக் கல்வி பி.எட். சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை, இனிஷியலைப் பாருங்கள் என்பதுதான். என் அப்பா பெயர் ‘கோ’வில் தொடங்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஆங்கிலத்தில் ‘ஜி’, பி.எஸ்சி. கணிதப் பட்டத்தில் ‘கே’. ரெண்டும் கோ தானே என்று இத்தனை வருடம் அசட்டையாக இருந்துவிட்டேன்.

படிப்பு முடிந்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோது இடித்தது. அந்தப் பதிவும் சி.ஆர்.ஆர். என்னும் மத்தியப் பதிவேட்டு எண்ணும் இல்லாமல் சிறப்பாசிரியராக வேலை பார்க்க 1992-ஆம் வருடச் சட்டம் விடாது. விண்ணப்பம் திரும்பி வந்தது. முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினேன், அதுவும் வந்தது. கடைசியில் பட்டத்தையே திருத்தி வாங்கினேன். நாலு மாதம் போச்சு.

படித்த ரெண்டு வருடத்தில் குறை இல்லை. பார்வைக் குறைபாடு பிரிவு எடுத்திருந்தேன். பிரெயில் பலகைதான் முதல் மாதம் ஆட்டி வைத்தது. ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திப் போக வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஆறு புள்ளிகளில் ‘க’வுக்கு ஒன்றும் மூன்றும். இடப்பக்கப் புள்ளிகள்தான், ஆனால் குத்தும்போது வலப்பக்கம் குத்த வேண்டும். நான் மறந்து இடப்பக்கமே குத்த, தாளைத் திருப்பித் தடவிப் பார்த்த எட்டாம் வகுப்புப் பையன், “டீச்சர், இது என்ன பாஷை?” என்றான். ஊசி பிடித்துக் காய்த்த ஆள்காட்டி விரலை அவனிடம் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். சிரித்துவிட்டான்.

டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் முதல் முறையே தேறியது. அதற்கு மேல் போட்டித் தேர்வு வேறு (2018-இன் அரசாணை 149 புண்ணியம்). தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு கேட்கலாம் என்று இறங்கினேன். அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தது வெண்ணாற்றங்கரையில் ஒரு சின்ன உதவிபெறும் பள்ளி. பிள்ளைகள் இல்லை என்று அதை மூடி வருடங்கள் ஆகின்றன. கட்டடத்தில் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் பஸ் ஏறினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம். கல்வி அலுவலகத்தில் நுழைந்தபோது மணி ஒன்றேகால். எழுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, “ஸ்கூலே இல்லேங்கிறீங்க, அப்புறம் சான்று யாரும்மா குடுப்பா?” என்றார். பதிவேடுகள் எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். “அதெல்லாம் எங்க தேடுறது? அடுத்த வாரம் வாங்க.” மூன்று அடுத்த வாரம் போனேன்.

வழி காட்டியது எங்கள் பழைய தலைமையாசிரியர். எண்பது வயது, திண்ணையில் ஈஸிசேர். “சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துலதான் ஒப்படைச்சேன், பச்சை பைண்டு, பீரோ மேல இருக்கும் பாரு” என்றார். பீரோ மேலேயேதான் இருந்தது. பல்லி முட்டையும் தூசியுமாக எடுத்துத் தட்டினால், விஜயதசமி அன்று என்னைச் சேர்த்த வரி, அதில் அப்பாவின் கையெழுத்து. மதியத்துக்குள் சான்று கைக்கு வந்தது. மூடிய பள்ளியில் படித்தவர்கள் அலுவலகத்துக்கு ஓடும் முன் அந்த ஊர் வாத்தியாரைத் தேடுங்கள். பஸ்ஸில் போவதானால் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள், ரயில்வே கேட்டை நம்பாதீர்கள்.

இவ்வளவு செய்தும் அந்தத் தேர்வில் கட்ஆஃப் இரண்டு மதிப்பெண்ணில் போனது, அது வேறு கதை. இப்போது தொகுப்பூதியத்தில் சிறப்புப் பயிற்றுநர். உயர்வகுப்பில் பதினைந்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. எனக்கு நாலு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கூட்டி.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்தார். அடுத்த வருடப் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் பையிலிருந்து மாற்றுத்திறனாளி அட்டையையும் ஆதாரையும் எடுத்து நீட்டினார். சதவீதத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இனிஷியலைப் பார்த்தேன். ஒன்றில் ‘டி’, இன்னொன்றில் ‘தி’யை ‘டிஎச்’ என்று போட்டிருந்தது.

“அக்கா, நாளைக்கே கிளம்புங்க” என்றேன்.