பல்லுக்குள் கண்ணாடி இழை

கடைவாய்ப் பல் பாதிக்கு மேல் சூத்தையாகி வந்தால், சாதாரண கொம்போசிட்டை, அதாவது பிளாஸ்டிக் போன்ற ரெசினால் ஆன அடைப்புப் பசையை, மட்டும் வைத்து அடைக்க எனக்கு இப்போதெல்லாம் மனம் வருவதில்லை. பல்லின் நிறத்திலேயே அழகாக இருக்கும், சரி. ஆனால் கச்சான் அல்வா கடித்துப் பழகிய வாய்க்கு அது போதுமா? சின்ன வெடிப்பு ஒன்று விழுந்தால் தடுக்க ஆளில்லாமல் ஓடிவிடும், சிலவேளை பல்லையும் பிளந்துகொண்டு.

அதனால் அடியில் கண்ணாடி இழை கலந்த கொம்போசிட் வைக்கிறேன். கொங்கிறீட்டுக்குள் கம்பி போடுகிற அதே யோசனைதான். கருவியால் அமுக்கும்போது நார் நாராக இழுபடும். பழகும்வரை கொஞ்சம் எரிச்சல்தான். இழைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம். ஃப்ளோ எனும் இளகி ஓடும் வகையில் கண்ணுக்கே தெரியாத அளவு குட்டை. இழையின் மேல் உள்ள சைலேன் பூச்சுதான் கண்ணாடியை ரெசினோடு ஒட்டவைக்கிறது. அது இல்லாவிட்டால் இழை சும்மா உருவிக்கொண்டு வரும். ஒட்டியிருந்தால், ஓடிவரும் வெடிப்பு இழையில் முட்டி நிற்கும், இல்லையென்றால் திசை திரும்பி வலுவிழக்கும்.

நேற்று வெள்ளவத்தை அன்ரி ஒருவர், "தம்பி, கண்ணாடி வயித்துக்குள்ள போகாதோ?" என்று கேட்டார். நியாயமான பயம். போகாது அன்ரி. நீல லைட்டில் இறுக்கிய பிறகு, மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சாதாரண கொம்போசிட்டால் மூடிவிடுவோம். இழை வெளியே தெரிந்தால் பளபளப்பும் வராது, சொரசொரப்பில் அழுக்கும் பிடிக்கும்.

விலை கொஞ்சம் கூடத்தான். அப்புறம், பல்லின் சுவர்களே உடைந்துபோயிருந்தால் இதையும் நம்ப வேண்டாம், பல்லை முழுதாக மூடும் உறையான கிரவுண் போடுங்கள்.