முன்குறித்தலும் தலையெழுத்தும் ஒன்றல்ல

பழனிமலையின் மேல்மலைக் கிராமம் ஒன்றில் துக்க வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருவர் "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பார். கிறிஸ்தவ வீடாக இருந்தால் அதையே "ஆண்டவர் முன்குறித்தது" என்று சொல்வார்கள். சொல் மாறியிருக்கும், பொருள் மாறியிருக்காது. கொடைக்கானல் பக்கம் வீட்டுக்கூட்டமோ வேதபாட வகுப்போ நடத்துகிறவர்கள் தேவன் முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதைப் பற்றி (முன்குறித்தல்) பவுல் அப்போஸ்தலன் எழுதும் ரோமர் 9ஆம் அதிகாரத்தில் தடுமாறுவதற்கு முதல் காரணம் இதுதான். அந்த அதிகாரத்தை எப்படி நடத்தலாம், எங்கே சறுக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள். ஊழ், விதி, தலையெழுத்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: முன்பு செய்த வினை, இப்போது வரும் பயன். பவுல் அந்தக் கணக்கையே அழிக்கிறார். 9:11ஐப் பழைய தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்." மொழிபெயர்த்தவர்கள் நம் மண்ணின் சொல்லையே எடுத்து, அது இங்கே காரணம் இல்லை என்று வைத்துவிட்டார்கள். ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரில் யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டது, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டது, வினையால் அல்ல, அழைக்கிறவரால்.

இங்கே வகுப்பில் யாருக்காவது கோபம் வர வேண்டும். செய்தவன் அனுபவிக்கிறான் என்பதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஒன்றுமே செய்யாதவர்களில் ஒருவரைத் தெரிந்துகொள்வதில் என்ன நியாயம்? பவுலுக்கும் இந்தக் கேள்வி தெரியும். மூன்று வசனம் தள்ளி அவரே கேட்கிறார்: "தேவனிடத்திலே அநீதி உண்டென்று சொல்லலாமா?" அவரே கேட்ட கேள்வியை வகுப்பில் ஒரு வாலிபன் கேட்டால் அவனை அவிசுவாசி என்று பார்க்காதீர்கள். அவன்தான் வசனத்தைச் சரியாக வாசித்திருக்கிறான்.

இன்னொரு வித்தியாசம், எதற்கு முன்குறித்தார் என்பது. 8:29 பதில் சொல்கிறது: "தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு." காட் ரோட்டில் எந்த வண்டி கவிழும், யாருக்கு எந்த நோய் வரும் என்ற பட்டியல் அந்த வசனத்தில் இல்லை. அதெல்லாம் தேவன் உலகை எப்படி நடத்துகிறார் என்ற தேவ பராமரிப்பு, வேறு பாடம். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டும் குழம்பும். மண்சரிவில் ஆள் போன வீட்டில் வாசிக்க ரோமர் 9 வேண்டாம். லூக்கா 13:4, 5 போதும். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்று அவரே சொல்லிவிடுகிறார்.

நடத்தும் முறைக்கு வருவோம். நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் விளக்கம் எதுவும் வேண்டாம். 9, 10, 11 மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். 33, 21, 36 என மொத்தம் 90 வசனங்கள், ஏறக்குறைய கால் மணி நேரம். மூன்றும் சேர்ந்து ஒரே வாதம். இஸ்ரவேலில் பெரும்பாலோர் மேசியாவை ஏற்கவில்லையே, தேவன் கொடுத்த வாக்கு பொய்த்துப்போயிற்றா என்பதுதான் பவுலின் கேள்வி. 9:21இல் களிமண்ணை வனையும் குயவன் உவமையோடு நிறுத்திவிட்டால், தனி ஆட்கள் நரகத்துக்குப் போவதைப் பற்றி மட்டும் பேசுவதுபோல ஆகிவிடும். பெரும்பாலான சண்டைகள் இந்த நிறுத்தத்தில் பிறக்கின்றன.

இரண்டாம் வாரம் பவுல் எடுத்தாளும் பழைய ஏற்பாட்டு இடங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்பது ஆதியாகமத்தில் இல்லை, மல்கியா 1இல் இருக்கிறது. அந்த இருவரும் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஏசாவின் வழிவந்த ஏதோம் என்ற தேசத்தைப் பற்றிச் சொன்னது. ஆதியாகமம் 25:23கூட ரெபெக்காளின் கர்ப்பத்தில் இரண்டு ஜாதிகள் இருப்பதாகத்தான் சொல்கிறது. "வெறுத்தேன்" என்ற சொல்லுக்கு லூக்கா 14:26ஐப் பக்கத்தில் வையுங்கள். தகப்பனையும் தாயையும் வெறுக்கச் சொல்வது எந்த அர்த்தத்திலோ, அந்த அர்த்தத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரோமர் 9:17இல் வரும் எகிப்தின் ராஜா பார்வோனுக்கு யாத்திராகமம் 7 முதல் 10 வரை பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முதல் ஐந்து வாதைகளில் அவன் இருதயம் கடினப்பட்டது என்றோ, அவனே கடினப்படுத்தினான் என்றோ வரும். கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்ததாக வருவது ஆறாவதான கொப்புள வாதையில், யாத்திராகமம் 9:12இல்தான். இதைக் காட்டியதும் வகுப்பு மூச்சுவிடும். ஆனால் அதோடு விட்டுவிடுவது நேர்மை இல்லை. எகிப்துக்குப் போகும் முன்பே, 4:21இல், "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவனே தம் சித்தப்படி முன்குறித்தார் என்று போதித்த சீர்திருத்தவாதி கால்வின்; அவர் வழி வந்தவர்கள் அதைத்தான் காட்டுவார்கள். இரண்டையும் காட்டுங்கள்.

குயவனுக்கு எரேமியா 18. கையில் கெட்டுப்போன களிமண்ணைக் குயவன் வேறு பாண்டமாக வனைகிறான். பொல்லாப்பு வரும் என்று எச்சரிக்கப்பட்ட ஜாதி மனந்திரும்பினால் தானும் மனம் மாறுவதாகக் கர்த்தர் சொல்கிறார். பிறகு ரோமர் 9:22, 23ஐ வினைச்சொல் பார்த்து வாசியுங்கள். கோபாக்கினைப் பாத்திரங்கள் "எத்தனமாக்கப்பட்ட"வை. கிருபாபாத்திரங்கள் அவர் "எத்தனமாக்கின"வை. முதலாவதில் செய்தவர் யாரென்று சொல்லவில்லை. கிரேக்கத்தில் இருக்கும் இந்த வித்தியாசத்தைத் தமிழ் அப்படியே காத்திருக்கிறது. தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்கு இது பெரிய வரம்.

மூன்றாம் வாரம் சபை வரலாறு. இதற்குக் கொடைக்கானலைப் போல வசதியான ஊர் குறைவு. 1845இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனெரிகள், கால்வின் மரபில் வேர்விட்ட சபைகளிலிருந்து வந்தவர்கள். செண்பகனூரில் 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையினரின் மரபில் மொலினா என்ற இறையியலாளர் இருக்கிறார். எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் தன் விருப்பப்படி எதைத் தேர்ந்தெடுப்பான் என்று தேவன் முன்பே அறிவார், அதைக் கொண்டே உலகை நடத்துகிறார் என்று 1588இல் எழுதியவர் அவர். தொமினிக்கர் என்ற இன்னொரு கத்தோலிக்கத் துறவிகள் சபையார் கடுமையாக எதிர்த்தார்கள். 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக்கூடாது என்று மட்டும் சொல்லி முடித்தார். 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையிலோ ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல், வெஸ்லியின் மெதடிஸ்ட் என எல்லாரும் சேர்ந்தார்கள். கால்வினைப் பின்பற்றியவரும் அவரை மறுத்தவரும் ஒரே பந்தியில் அப்பம் எடுக்கிறார்கள்.

கால்வினுடைய ஐந்து குறிப்புகள் என்று இணையத்தில் பார்த்துவிட்டு வரும் வாலிபர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். கால்வின் 1564இல் இறந்துவிட்டார். மனிதனுடைய விசுவாசத்தை முன்னறிந்தே தேவன் தெரிந்துகொள்கிறார் என்றவர் ஆர்மினியஸ்; 1610இல் அவருடைய சீடர்கள் ஐந்து கூற்றுகளை வைத்தார்கள். அவற்றுக்கு நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் 1618–19இல் சொன்ன பதில்தான் அந்த ஐந்து. எனக்கு மனம் சாய்வது ஆர்மினியஸ் பக்கம். ஆனாலும் "விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்" என்ற ரோமர் 9:16இன் எடையை எதிர்ப்பக்கத்தார்தான் முழுதாகச் சுமக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன்.

உவமைகளில் எச்சரிக்கை வேண்டும். முன்னறிவு வேறு, காரணம் வேறு என்று காட்ட, வானாய்வுக் கூடத்தில் கிரகணத்தைக் கணித்துச் சொல்வதை உதாரணமாகச் சொல்வார்கள். கணிப்பதால் கிரகணம் வருவதில்லை என்று. அது சரிப்படாது. சந்திரனுக்குச் சுயசித்தம் கிடையாது. அதன் பாதை மாறாதது என்பதால்தான் கணிக்க முடிகிறது. வளைவின் இரு பக்கமும் வரும் வண்டிகளை மேலே பாறையில் நிற்பவன் ஒரே பார்வையில் பார்ப்பதுபோல என்பது கொஞ்சம் மேல். பார்ப்பதால் அவன் ஸ்டியரிங்கைத் திருப்புவதில்லை. ஆனால் பாறையில் நிற்பவன் மலையையும் ரோட்டையும் உண்டாக்கியவன் அல்ல, தேவன் உண்டாக்கியவர். அங்கே இந்த உவமையும் நின்றுவிடும் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நியாயத்துக்கு மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எடை பார்த்துக் கொடுக்கும் கூலியா, நாள்கூலியா என்று மட்டும் கேளுங்கள். எடைக்கூலி என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே பணம் கொடுப்பது மோசடி. ஆனால் காலையில் பேசியது ஒரு நாளுக்கு ஒரு பணம். அது குறையாமல் கொடுக்கப்பட்டது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்ற கேள்வி அந்த இடத்தில் குத்தும். கிருபை கடன் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இதை வைத்து, சிலரை மட்டும் தெரிந்துகொண்டதும் நியாயமே என்று கால்வின் பக்கத்தார் வாதிடுவார்கள். அப்போது ஆறாம் வசனத்தைத் திறந்து காட்டுங்கள். எஜமான் ஐந்து தடவை வெளியே போகிறான். கடைசியாகச் சும்மா நிற்பதாகக் கண்டவர்களையும் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பின் ஒருவர் வாசலில் தயங்குவார்: "நான் தெரிந்துகொள்ளப்படாதவனாக இருந்தால்?" அவரிடம் வாதம் வேண்டாம். கால்வினே, நம் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி கிறிஸ்துதான், அதை நமக்குள் தேடக்கூடாது என்று எழுதியிருக்கிறார். ரோமர் 10:13ஐ அவர் கையிலேயே வாசிக்கக் கொடுங்கள்; அதில் "எவனும்" என்று இருக்கிறது. குழந்தையை இழந்த பெற்றோருக்கு, விசுவாசிகளான பெற்றோர் சிறுவயதில் இறந்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்று டார்ட் சங்கமே எழுதிவைத்திருப்பதைச் சொல்லுங்கள். கடுமையானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள்.

நான்காம் வாரம் ரோமர் 11ஆம் அதிகாரம், ஒலிவ மர உவமை. "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்ற 32ஆம் வசனத்தில் வாதம் முடிகிறது. அதன் பிறகே "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம்" என்ற வசனம் வருகிறது. கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க முதல் வாரமே அதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பவுல் 86 வசனம் கேட்டும் பதில் சொல்லியும் முடித்த பிறகே அதைச் சொன்னார். அதுவரை வகுப்பில் யாரையும் அந்த வசனத்தைச் சொல்லி உட்கார வைக்காதீர்கள்.