ஓடுவதற்கும் ரன், ஓட்டுவதற்கும் ரன்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு ரன் என்றால் ஓடு என்று தெரியும், அதோடு சரி. என் அக்கா பையன் மாதிரிக்குக் கொடுத்திருந்த ஒரு ரெஸ்யூமேயில் 'ஐ ரேன் எ லேத்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "லேத்தை எதுக்கு மாமா ஓடணும்?" என்கிறான்.

ஓடவில்லை, ஓட்டினான். மெஷின் ஓடும், நாம் அதை ஓட்டுவோம். ஆடு, ஆட்டு மாதிரி தமிழில் இரண்டும் தனித்தனி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன் ஒன்றுதான், அதனால் வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும், மெஷின், கடை, மெஸ் என்று ஏதாவது வந்தால் பெரும்பாலும் ஓட்டு அல்லது நடத்து என்றே பொருள்.

இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. அப்பா பஸ் டிரைவர் என்பதை 'மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்' என்று சொன்னால், கேட்கிறவர் உங்கள் அப்பாவை பஸ் முதலாளியாக்கிவிடுவார்! தர்மபுரியிலிருந்து ஒகேனக்கலுக்கு பஸ் விடுவது ரன், ஸ்டியரிங் பிடிப்பது டிரைவ். நாம் ஓட்டு என்று சொல்லிப் பழகியதால் வருகிற குழப்பம் இது.

காவிரி ஓடுவது, படம் ஓடுவது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலத்தான். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும். தேர்தல் என்றால் அமெரிக்காவில் ரன், பிரிட்டனில் ஸ்டாண்ட். நம்ம ஊரிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார், ஓடுவதெல்லாம் கூட இருக்கிறவர்கள்.

அப்புறம் ரன் அவுட். கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள், வீட்டில் பால் தீர்ந்துபோனால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. இங்கே 'ஹேவ் ரேன்' என்று எழுதுகிறவர்கள் நிறைய, ரன், ரேன் என்று போனாலும் ஹேவுக்குப் பின்னால் வருகிற மூன்றாவது வடிவம் மறுபடியும் ரன்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக பீட்டர் கில்லிவர் என்பவர் உட்கார்ந்து பிரித்ததில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் வந்ததாம். இன்டர்வியூவில் அத்தனையும் யாரும் கேட்கப்போவதில்லை, லேத்தும் பஸ்ஸும் பாலும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.