ரீபூட் காணாத 211 நாட்கள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய டெஸ்க்டாப் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2017-இல் டெபியன் 9 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு அதைச் சர்வர் ஆக்கினேன். பிள்ளைகளின் போட்டோக்கள், அப்பா ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள், வீட்டு நெட்டுக்கான டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) எல்லாம் அதில்தான். பதினான்கு வருடமாகச் சர்வர் பராமரிப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் அந்த வேலையில் நான் கற்ற முக்கியமான ஒரு பாடம் அலுவலகத்தில் கிடைக்கவில்லை, இந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் கிடைத்தது.

2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை. டெபியன் 12 வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஓடிய 11-இலிருந்து மாறுவதற்கு அதுவே நல்ல நேரம் என்று பேக்கப் எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இறங்கின. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் வந்து நின்றதும் முடிந்தது என்று ரீபூட் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மாடியிலிருந்து மனைவியின் குரல். "ஏங்க, நெட் வரல. மீட்டிங்ல இருக்கேன்."

டிஎன்எஸ் அந்த மெஷினில் இருப்பதால் அது விழுந்தால் வீடே விழும். முதலில் ரவுட்டரில் நுழைந்து டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினேன். அவர் மீட்டிங் திரும்பியது. அதன் பிறகுதான் சர்வர் பக்கம் போனேன். பாதிக்கப்பட்டவர்களை முதலில் கரையேற்றிவிட்டுப் பழுதைப் பார்ப்பது அலுவலகத்தில் வந்த பழக்கம்.

சர்வருக்கு மானிட்டர் கிடையாது. ஹாலில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த டிவியைக் கேட்டு வாங்கி, படிக்கட்டு ஓரம் ஸ்டூலில் வைத்து ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். கருப்புத் திரையின் அடியில் கெர்னல் பேனிக் வரி, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது என்ற வரி, நின்றது. இயங்குதளத்தின் ஃபைல்கள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) முடியவில்லை என்று சொல்லி, டிஸ்க் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அன்னோன் பிளாக், சைபர் கமா சைபர் என்று காட்டியது.

அந்த இரண்டு சைபர்களும் ஒரு தடயம். டிஸ்க் கெட்டுப்போயிருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கெர்னலின் கண்ணில் டிஸ்க்கே படவில்லை என்றுதான் பொருள். என் மெஷினில் ரூட், டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் என்ற அடுக்குக்குள் இருக்கிறது. அதைத் திறக்கத் தேவையான கருவிகளும் ரூட்டுக்குள்தான் இருக்கின்றன. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. அதனால்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொட்டலத்தை பூட் என்ற டிஸ்க் பகுதியில் தனியாக வைக்கிறார்கள். கெர்னலுக்கு முன்னால் ஓடும் கிரப் என்ற புரோகிராம் அதைக் கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றும். அதற்குள் இருக்கும் கருவிகள் ரூட்டைத் திறந்துவிடும். அந்தப் பொட்டலம் வந்து சேரவில்லை என்றால் இந்தச் சைபர்கள்தான் வரும்.

கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குப் போனேன். புதிய 6.1 கெர்னலுக்குக் கீழே 5.10 கெர்னல்கள் நான்கு வரிசையாக இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை ரூட் திறந்தது. நிம்மதி என்று நினைத்த நேரத்தில் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பக்கத்தில் நொடிக் கணக்கு ஓடியது. மற்ற எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி, வராத டிஸ்க்குக்காக வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். டிவி வெளிச்சத்தில் அந்த ஒன்றரை நிமிடம் நின்றேன். முடிந்ததும் எமர்ஜென்சி மோட், பழுது பார்ப்பதற்கான நிலை. அதிலும் கதவு சாத்தியிருந்தது. ரூட் கணக்கு (இது டிஸ்க்கில் உள்ள ரூட் அல்ல, நிர்வாகியின் கணக்கு) பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோல் தர முடியாது என்றது. நிறுவும்போது நான் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை, என் கணக்கிலிருந்தே நிர்வாகக் கட்டளை கொடுக்க உதவும் சூடோ போதும் என்று விட்டிருந்தேன்.

இந்த இடத்தில் பலர் மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். நானும் ஆரம்ப வருடங்களில் அப்படிச் செய்திருக்கிறேன். தேவையே இல்லை. கிரப் மெனுவில் அந்த 5.10 மீது நின்று இ விசையைத் தட்டினால் பூட் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் கெர்னல் முதலில் ஓட்டும் இனிட்டுக்குப் பதில், கட்டளை தட்டும் பாஷ் ஷெல்லை ஓட்டச் சொல்லிச் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ். பாஸ்வேர்ட் கேட்காமல் ஷெல் வந்து நிற்கும். ரூட் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும் என்பதால், எழுதும்படி ரீமவுண்ட் செய்துவிட்டு, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தேன்.

வராத டிஸ்க் எது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பேக்கப்புக்காக யூஎஸ்பியில் மாட்டியிருந்த பழைய ஹார்டு டிஸ்க். மார்ச் மாதம் அது தகராறு செய்தபோது புதியது வாங்கி, மவுண்ட் கட்டளையைக் கையால் கொடுத்து ஓடவிட்டிருந்தேன். எஃப்எஸ்டேப்பில் பழைய டிஸ்க்கின் யூயூஐடி என்ற அடையாள எண் அப்படியே கிடந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்த அந்த 'அப்புறம்' வரவே இல்லை. வரியைத் திருத்தி, நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தேன். அது இருந்தால் பேக்கப் டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துகொள்ளும்.

மெஷின் எழுந்ததும் பூட் பகுதியைப் பார்த்தேன். நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. 2017-இல் இன்ஸ்டாலர் ஒதுக்கிய இடம் 236 எம்பி. என் மெஷினில் ஒரு கெர்னலும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்து 50 எம்பி பிடிக்கின்றன. நான்கு பழையவை போக மீதி இடத்தில் புதிய கெர்னல் நுழைந்துவிட்டது, அதற்கான பொட்டலத்தை எழுத இடம் இல்லை. லாகில் இடமில்லை என்ற வரி தெளிவாக இருந்தது. கடைசி வரியிலும், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி பிழையோடு முடிந்ததாகச் சொல்லியிருக்கிறது. நான் படிக்காமல் ரீபூட் கொடுத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த 5.10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நீக்கினேன். பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கச் சொன்னேன். 6.1-க்கான பொட்டலம் உருவானது. அப்டேட் கிரப், ரீபூட். டிவி அம்மாவிடம் திரும்பியபோது மணி ஒன்பதரை.

படுக்கப் போகும்முன் பழைய ரீபூட் பதிவுகளைப் பார்த்தேன். அப்கிரேடுக்கு முந்தைய ரீபூட் ஜனவரியில். நடுவே 211 நாட்கள். அப்கிரேடுதான் கெடுத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். எஃப்எஸ்டேப் தவறு மார்ச்சிலிருந்தே காத்திருந்தது. கரண்ட் போய் யூபிஎஸ் தீர்ந்திருந்தால் எந்த நாளும் அது வெளியே வந்திருக்கும். கெர்னல்களும் அப்படியே குவிந்தவை. அப்டேட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன, அவற்றில் பலவற்றை நான் ஒரு தடவைகூட பூட் செய்து பார்க்கவில்லை. சர்வர் இத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்று எங்கள் துறையில் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமை மீது எனக்கு அன்றோடு மரியாதை போய்விட்டது.

அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் பன்னிரண்டு சர்வர்களை அப்கிரேட் செய்யவேண்டி வந்தது. எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை ரீபூட் செய்ய வேண்டும் என்று திட்டத்தில் முதல் வரியாக எழுதினேன். "அதுக்கு எதுக்கு சார் தனியா ஒரு டவுன்டைம்?" என்று டீமில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ரீபூட் செய்தோம். நானூறு நாளுக்கு மேல் ஓடிய ஒரு சர்வர் எழுந்தது, ஆனால் டேட்டாபேஸை எட்ட முடியவில்லை. எப்போதோ யாரோ கையால் சேர்த்த ரூட்டிங் (நெட்வொர்க் வழி) ஒன்று எந்தக் கோப்பிலும் எழுதப்படாமல் மெமரியில் மட்டும் இருந்திருக்கிறது. இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம். அப்கிரேடுக்குப் பிறகு இது வந்திருந்தால் புதிய கெர்னலா, டிரைவரா, ஃபயர்வாலா என்று விடியவிடியத் தேடியிருப்போம்.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தது. அதன் வெளியீட்டுக் குறிப்பில் பூட் பகுதி குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், சுமார் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். 10 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் நிறுவிய மெஷின்கள் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்றும் இருக்கிறது. என் 236 எம்பி எந்த மூலைக்கு?

முதலில் ரீபூட் செய்து பார்த்தேன், குறையில்லாமல் எழுந்தது. பூட் பகுதியில் இருந்ததை எல்லாம் ரூட்டுக்குள்ளேயே ஒரு பூட் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். எஃப்எஸ்டேப்பில் அந்தப் பகுதிக்கான வரியை எடுத்துவிட்டு, கிரப்பை மறுபடி நிறுவினேன். எல்விஎம்முக்குள் இருக்கும் ஃபைல்களை கிரப்பால் நேரடியாகப் படிக்க முடியும். திரும்ப ஒரு ரீபூட். அதற்குப் பிறகுதான் அப்கிரேட். ப்ராம்ப்ட் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி அறுபது வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 6.12 கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாகியிருந்தது. ரூட் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்தேன்.

"அம்மா, டிவி ஒரு பத்து நிமிஷம் வேணுமே" என்று ஹாலுக்குப் போய்க் கேட்டேன். "இன்னும் கெட்டே போகலையேடா?" என்றார் அம்மா.