வெளுத்த மலம்

மகள் பிறந்து மூன்று வாரமாகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. “காலை வெயிலில் காட்டுங்க, சரியாயிடும்” என்றார் பார்த்த டாக்டர். அம்மாவும் அதையேதான் சொன்னார். துணியில் மலம் சுண்ணாம்பைக் குழைத்தது போல வெளுத்திருந்தது. மூத்திரமோ துணியில் கறை பிடிக்கும் அளவுக்கு அடர் மஞ்சள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் பிலிருபின் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

பித்தநாளம் அடைத்துப்போகும் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 70 நாள். கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லை, அதனால்தான் மலம் வெளுத்திருந்தது. குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய்க் கல்லீரலோடு நேராக இணைப்பார்கள். ஜப்பானிய டாக்டர் கசாய் பெயரில் வழங்கும் அறுவை சிகிச்சை அது. 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். எங்களுக்கு 76-ஆம் நாள்தான் நடந்தது. பித்தம் இறங்கவில்லை.

ஆறாம் மாதம் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது, கைகால் குச்சியாகிவிட்டது. மாற்றுக் கல்லீரல்தான் வழி என்றார்கள். 1998-ல் டெல்லியில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு இதே நோய்க்காக அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். அதைப் படித்த இரவுதான் நான் தூங்கினேன்.

கொடுத்தது நான், இடது ஓரத்துத் துண்டு. எனக்கு மிச்சமிருப்பது வளர்ந்துவிடும் என்றார்கள். அவளுக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால் ஏற்றி எடை கூட்டினோம், உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை முன்கூட்டியே முடித்தோம். “யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்று உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டியில் கேட்டார்கள். செலவுக்குப் பணம் தேடி அலைகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டைப் பற்றி முதல் நாளே கேளுங்கள், இதற்கு அதில் இடமுண்டு.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள், நான் வார்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கணவர் அவளிருந்த ஐசியுவிலிருந்து டயப்பரைப் படம் எடுத்து அனுப்பினார். பச்சை கலந்த நல்ல மஞ்சள். பக்கத்துக் கட்டில் அக்காவிடமும் காட்டி அழுதேன்.

இப்போது அவளுக்கு நாலு வயது. காலை எட்டு, இரவு எட்டு, டாக்ரோலிமஸ் தவறக்கூடாது; புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் காக்கும் மருந்து அது. அந்த மருந்தோடு சேராது என்பதால் பம்பளிமாஸ் பழம் வீட்டுக்குள் வராது. ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்க்கும் நாளில் மருந்துக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். “இந்தக் கைலதான் நரம்பு கிடைக்கும்” என்று நர்ஸிடம் அவளே இடது கையை நீட்டுகிறாள்.